நோகாத வாயைக் காட்டப் போகிறவர்களுக்கு

அம்மா வெற்றிலையை எப்போதும் இடது கொடுப்புக்குள்தான் அடக்குவார். வலது பக்கக் கொடுப்புப் பற்கள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டதால் மெல்லுவதும் இடது பக்கம், அடக்குவதும் இடது பக்கம். பொய்ப்பல் கட்டுவதற்கு அளவெடுக்கப் போன அன்று பல் வைத்தியர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "அம்மா, போயிலை எந்தப் பக்கம் வைக்கிறனீங்கள்?" என்று கேட்டார். அம்மா இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அதே இடத்தில், உட்பக்கமாக, பெருவிரல் நகத்தளவு வெள்ளைப் படை ஒன்று இருந்தது. அது எத்தனை மாதமாக அங்கே இருந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அது ஒருநாளும் நொந்ததில்லை.

பெரியப்பாவுக்கும் முதலில் நோகவில்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு புண். மருந்துக்கடையில் பூச்சு மருந்து வாங்கிப் பூசினார். பிறகு வேறு பூச்சு. கூரான பல் உரஞ்சுகிறது என்று ஓரிடத்தில் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். புண்ணை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. காதுக்குள் குத்து வந்து, கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அதற்குள் ஏழெட்டு மாதம் போய்விட்டது. அவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

ஒரே குடும்பம், ஒரே வெற்றிலைத் தட்டம். ஒருவருடையது நோகாத நேரத்தில் கண்ணில் பட்டது, மற்றவருடையது நொந்த பிறகு தெரிந்தது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது அதனால்தான். வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு இதுவரை போகாதவர்களுக்கும், அம்மா, அப்பா, மாமியைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கும் சில கிழமைகளுக்குள் பெற்றோருக்கு இதைச் செய்துவிட விரும்புபவர்களுக்கும் எழுதுகிறேன்.

யார் போக வேண்டும்

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். பெண்களுக்கும் வருகிறது, முக்கியமாக வெற்றிலை போடும் பெண்களுக்கு. புகையிலை விளையும் மண் எங்கள் யாழ்ப்பாணம். தோட்டத்திலும் கடலிலும் வேலை செய்தவர்கள் பசியையும் அலுப்பையும் வெற்றிலையால் தள்ளிப்போட்டார்கள். கிழவிகள் பல் இல்லாவிட்டாலும் உரலில் இடித்துப் போட்டார்கள். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தட்டம் சுற்றும். அந்த மரியாதையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தட்டத்தில் இருப்பவற்றில் எது ஆபத்து என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பலர் புகையிலை மட்டும்தான் கூடாது என்று நினைக்கிறார்கள். "நான் போயிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று 1985 இலேயே அறிவித்தது. 2004 இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத கூட்டையும் பாக்கைத் தனியாகவும் அதே முதலாம் வகுப்பில் சேர்த்தது. சீவலானாலும் கொட்டைப்பாக்கானாலும் கணக்கு ஒன்றுதான். பாக்கும் புகையிலையும் கலந்து பெடியள் இரகசியமாக வாங்கும் மாவாவும், பளபளப்பான பக்கற்றில் இனிப்பாக வரும் பாக்கும் இதற்குள் அடக்கம். பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் அப்படி ஒன்று கிடைத்தால் ஏசிவிட்டு விடாதீர்கள். அவனுடைய வாயையும் ஒருமுறை காட்டுங்கள்.

சுருட்டு, பீடி, சிகரெட் குடிப்பவர்கள் போக வேண்டும். புகையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். வெயிலில் வருடக்கணக்காக நின்று வேலை செய்பவர்களுக்குக் கீழுதட்டில் வரலாம். பழக்கத்தை விட்டுப் பத்து வருடம் ஆனவர்களும் தங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆபத்து மெல்ல மெல்லத்தான் இறங்கும். இவற்றில் எதுவுமே இல்லாதவருக்கும் சில வேளை வருகிறது. அப்படிப்பட்டவர்கள் இதற்கென்று தனியாக அலைய வேண்டியதில்லை. பல்லுக்குப் போகும் நாளில் வாயையும் முழுதாகப் பார்க்கச் சொன்னால் போதும்.

இந்தப் பரிசோதனையால் உண்மையில் உயிர் தப்புமா என்ற கேள்விக்கு எங்களுக்குக் கிட்டவே பதில் இருக்கிறது. கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைக் கண்ணால் பார்த்தார்கள். அவர்கள் வைத்தியர்கள்கூட இல்லை. 2005 இல் முடிவு வெளிவந்தது: புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களில், பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் பார்க்கப்படாத ஊர்களைவிட 34 வீதம் குறைவு. பழக்கம் இல்லாதவர்களில் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே வெற்றிலையும் சுருட்டும் உள்ள வீட்டுக்குத்தான் இது முதலில் தேவை. பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம், வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும்.

எங்கே போவது

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இது பணம் செலவழிக்க வேண்டிய காரியமே அல்ல. அரசாங்க வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவுகளில் இலவசம். போதனா வைத்தியசாலையில் இருக்கிறது. பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகளிலும் இருக்கிறது. ஊரிலுள்ள சின்ன வைத்தியசாலைகள் பலவற்றிலும் பல் வைத்தியர் இருப்பார். எது கிட்ட என்று தெரியாவிட்டால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ கேளுங்கள்.

காலையில் போங்கள், வார நாளில் போங்கள். பல் பிரிவில் காலை நேரத்தில் சனம் கூட; நம்பர் துண்டு எடுத்துவிட்டு இருக்க வேண்டிவரும். வயதானவர்களோடு போனால் தண்ணீர்ப் போத்தலும் சாப்பிட ஏதாவதும் கையில் இருக்கட்டும், முக்கியமாக நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு.

தனியார் பல் வைத்தியரிடமும் போகலாம். நேரம் சொல்லிவிட்டுப் போகலாம் என்பது வசதி. கட்டணத்தை முதலே கேட்டுவிடுங்கள். அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பொய்ப்பல் கட்டிக் கொடுக்கிற எல்லோரும் வைத்தியர் இல்லை. குறைந்த விலைக்குப் பல் கட்டித் தருகிறார்கள் என்று போய், வாய்க்குள் இருப்பது என்னவென்று தெரியாத கையில் கொடுத்துவிடக் கூடாது.

சிலர் நேரே பெரிய வைத்திய நிபுணரைச் சனல் பண்ண நினைப்பார்கள். முதல் தடவைக்கு அது தேவையில்லை. பல் வைத்தியர் சந்தேகப்பட்டால் அவரே கடிதம் தந்து அனுப்புவார்.

போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

அன்று காலை வெற்றிலை போடாமல் போக வேண்டும். இது எங்கள் அம்மாவோடு நடந்த பெரிய போராட்டம். வெற்றிலைச் சாறு வாய் முழுக்கச் சிவப்பாகப் படிந்திருந்தால் சிவந்த படை எது, கறை எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நன்றாகப் பல் தீட்டி, வாயைக் கொப்பளித்து, நாக்கை வழித்துவிட்டுப் போங்கள். பெண்கள் உதட்டுச் சாயம் பூசாமல் போவது நல்லது.

ஒரு கடதாசியில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: என்ன பழக்கம், எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை தரம், எந்தப் பக்கம் அடக்குவது, இரவில் வாய்க்குள் வைத்துக்கொண்டே படுப்பதுண்டா. கடைசிக் கேள்வி முக்கியம். எங்கள் அயலில் ஒரு ஆச்சி வெற்றிலையை அடக்கிக்கொண்டே நித்திரைக்குப் போவார்; எட்டு மணித்தியாலம் அந்தக் கூட்டு ஒரே இடத்தில் கிடக்கும். குடிக்கிற குளிசைகளின் பெயரையும் எழுதுங்கள், முக்கியமாக இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் குளிசையை. கிளினிக் கொப்பி இருந்தால் அதையே கொண்டு போகலாம். அடையாள அட்டையையும் மறக்க வேண்டாம்.

வெட்கப்பட்டுப் பழக்கத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மகன் பக்கத்தில் நின்றால் அப்பா சுருட்டைப் பற்றிப் பேசமாட்டார், மருமகன் நின்றால் மாமி வெற்றிலையைப் பற்றிப் பேசமாட்டார். அப்படியானால் நீங்கள் வெளியே நில்லுங்கள். வைத்தியர் ஏசுவதற்காகக் கேட்கவில்லை. எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

போக மறுப்பவர்களை எப்படி இணங்க வைப்பது? எங்கள் வீட்டில் எடுபட்டதைச் சொல்கிறேன். "எனக்கு ஒண்டும் நோகேல்லை, பிறகேன் பிள்ளை காட்டோணும்?" என்று அம்மா கேட்டபோது, புற்றுநோய் என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. "பொய்ப்பல் கட்டுறதெண்டால் வாய் முழுக்கப் பாக்கத்தானே வேணும் அம்மா" என்றேன். அது பொய்யும் இல்லை. பல்லுக்கென்று வெளிக்கிட வைத்தால் போதும், மற்றது அங்கே நடக்கும்.

கதிரையில் என்ன நடக்கும்

இதை விரிவாகச் சொல்கிறேன். என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியாத பயத்தில்தான் பலர் பின்னடிக்கிறார்கள்.

முதலில் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டிய ஒரு வசனம் இருக்கிறது: "டொக்டர், பல்லோட சேர்த்து வாய் முழுக்க ஒருக்காப் பாருங்கோ, நான் வெத்திலை போடுறனான்." சனம் நிறைந்த நாளில், பல் நோவென்று போனால் அந்தப் பல்லை மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும். கேட்டால் பார்ப்பார்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பெரியப்பாவோடு போனவர் அன்று இந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஊசி இல்லை. இரத்தம் இல்லை. முழுவதும் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது.

கட்டுப்பல் இருந்தால் கழற்றச் சொல்வார். கழற்றாமல் பார்ப்பது பார்த்த மாதிரி இல்லை. அதற்குக் கீழேதான் சில வேளை ஒளிந்திருக்கும். முதலில் முகத்தைப் பார்ப்பார், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, வீக்கம் உண்டா என்று. பிறகு நாடிக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் விரல்களால் அழுத்திப் பார்ப்பார். அது நெறிக்கட்டைத் தேடுவது. சளி, காய்ச்சலுக்குக் கட்டும் நெறி நோகும், சில நாளில் வற்றும். நோகாமல், கல் மாதிரி, நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டு போகிற கட்டிதான் அவர் தேடுவது.

பிறகு உதடு. வெளிப்பக்கம் பார்த்து, உதட்டைப் பிரட்டி உட்பக்கமும் பார்ப்பார். அதற்கடுத்து கன்னங்களின் உட்பக்கம். வெற்றிலை போடும் எங்கள் சனத்துக்கு அதிகம் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கண்ணாடியாலோ விரலாலோ கன்னத்தை இழுத்துப் பிடித்து, கடைவாய்ப் பள்ளம் வரை பார்ப்பார். அப்படியே முரசு, மேலும் கீழும், உள்ளும் வெளியும்.

நாக்கை வெளியே நீட்டச் சொல்லி, கோஸ் துணியால் நுனியைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பார். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், சிலருக்கு ஓங்காளிக்கும். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் சரியாகும். நாக்கின் ஓரங்களும் நாக்குக்குக் கீழே உள்ள தளமும் ஆபத்தான இடங்கள், ஆனால் கண்ணாடிக்கு முன் நின்று பல் தீட்டும்போது இவை எங்களுக்குத் தெரிவதில்லை. நாக்கைத் தூக்கி மேலண்ணத்தில் வைக்கச் சொல்லி, ஒரு விரலை உள்ளேயும் மறு கையை நாடிக்குக் கீழேயும் வைத்து அந்தத் தளத்தை அழுத்திப் பார்ப்பார். கடைசியாக அண்ணம், பிறகு "ஆ" சொல்ல வைத்துத் தொண்டை.

வாயை எவ்வளவு திறக்க முடிகிறது என்றும் பார்ப்பார். இதை நீங்கள் இப்போதே செய்து பார்க்கலாம். உங்கள் கையின் நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டுதான் போகிறது, கறியில் கொஞ்சம் உறைப்புக் கூடினாலும் வாய் எரிகிறது, கன்னம் தடித்து இறுகின மாதிரி இருக்கிறது என்றால் அது பாக்கின் வேலையாக இருக்கலாம். பாக்கிலுள்ள பொருட்கள் வாயின் உட்தோலுக்குக் கீழே நாரிழைகளை அளவுக்கு மீறி வளரச் செய்கின்றன. மிருதுவாக இருந்த கன்னம் நார்க் கயிறு மாதிரி இறுகும். ஒருமுறை இறுகினது தானாக இளகாது. அது புற்றுநோய் இல்லை, ஆனால் அதற்கு முந்திய நிலை. மாவா போடும் இருபது வயதுப் பிள்ளைக்கும் இது வரும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

பார்த்த பிறகு என்ன சொல்லுவார்

பெரும்பாலும், "ஒன்றும் இல்லை" என்பார். சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். அடுத்த முறை எப்போது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பழக்கம் உள்ளவர்களுக்கு ஆறு மாதம், மற்றவர்களுக்கு வருடம் ஒருமுறை என்பது நல்ல கணக்கு.

சில வேளை, "இரண்டு கிழமை விட்டு வாங்கோ" என்பார். கூரான பல்லோ பொருந்தாத கட்டுப்பல்லோ உரஞ்சி வந்த புண்ணாக இருக்கலாம். அந்தப் பல்லை அராவி, அல்லது கட்டுப்பல்லைத் திருத்திவிட்டு, புண் ஆறுகிறதா என்று பார்ப்பார். சாதாரண வாய்ப்புண் இரண்டு கிழமைக்குள் ஆறிவிடும். எனவே இந்தத் திரும்பிப் போகிற பயணத்தைத் தவிர்க்கவே கூடாது. புண் கொஞ்சம் ஆறின மாதிரி இருந்தாலும் போங்கள். பெரியப்பாவின் கதை பிழையாய்ப் போனது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, கடிதம் தந்து வாய், முகம், தாடை சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவது. யாழ்ப்பாணத்தில் அது போதனா வைத்தியசாலையில் இருக்கிறது. கடிதம் கிடைத்தவுடன் தலையில் கை வைக்க வேண்டாம். ஆனால் கடிதத்தை அலுமாரிக்குள்ளும் வைக்க வேண்டாம். அந்தக் கிழமையே போங்கள்.

அங்கே பயொப்சி எடுக்கலாம் என்று சொல்வார்கள். இந்த இடத்தில்தான் சனம் ஓடுகிறது. "கத்தி பட்டால் பரவும்" என்ற கதை ஊர் முழுக்க உண்டு. அது பிழை. சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பதால் புற்றுநோய் பரவுவதில்லை. கத்தி பட்ட பிறகு செத்துப்போனார் என்று சொல்லப்படுபவர்களில் பலர் கத்திக்கு மிகப் பிந்திப் போனவர்கள்.

அம்மாவுக்குச் செய்தது இதுதான். விறைப்பு ஊசி ஒன்று போட்டார்கள், பல் பிடுங்கப் போடுவது மாதிரி. கொஞ்ச நேரத்தில் கன்னம் விறைத்தது. ஒரு பயற்றம்பருப்பு அளவில் துண்டு எடுத்து, இரண்டு தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். கதிரையில் இருந்தது இருபது நிமிடம். அன்று கஞ்சியும் ஆறின சூப்பும்தான் சாப்பாடு. உறைப்பும் சூடும் இரண்டு மூன்று நாளைக்கு வேண்டாம் என்றார்கள். எடுத்த துண்டை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். முடிவு வரச் சில நாளிலிருந்து சில கிழமை வரை ஆகும். எந்தத் தேதியில், எந்த அறைக்கு, யார் வந்து எடுக்கலாம் என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிவு வந்தும் எடுக்கப் போகாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவின் முடிவில் கலங்களில் ஆரம்ப மாற்றம் இருப்பதாகவும், புற்றுநோய் இல்லை என்றும் வந்தது. வெற்றிலையை முழுதாக விட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்றார்கள். வெள்ளைப் படை எல்லாம் புற்றுநோயாக மாறுவதில்லை, மாறுவது சிறு பங்குதான். ஆனால் எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால்தான் துண்டு எடுக்கிறார்கள். சிவந்த படை வெள்ளையைவிட ஆபத்தானது. வெள்ளையும் சிவப்பும் கலந்து வந்தாலும் அப்படியே.

புற்றுநோய் என்றே வந்துவிட்டால்? அப்போதும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பரவாமல் அதே இடத்தில் நிற்கும் நிலையில் பிடித்தால் சிறிய சத்திரசிகிச்சையோடு முடியலாம், பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். கழுத்து நெறிக்குப் பரவிய பின் என்றால் பெரிய சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, பேச்சும் விழுங்குவதும் மாறிப்போகும் வாழ்க்கை. புற்றுநோய் என்றால் எல்லாவற்றுக்கும் கொழும்புப் பக்கம் மகரகமவுக்குத்தான் ஓட வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையோடு புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று இயங்குகிறது. 2011 இல் தேவேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு குழுவினர் 27 நாள் நடந்து, நாடு முழுக்கச் சனத்திடம் சேர்த்த காசில் எழுந்தது அது. துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போய் வருகிறவர்களுக்கு அந்த வழி பழக்கமானதுதான்.

மாதம் ஒருமுறை, வீட்டுக் கண்ணாடியில்

இரண்டு பரிசோதனைக்கு நடுவே நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சம்பளம் வரும் நாளோ அமாவாசையோ, மறக்காத ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில், கைகழுவிவிட்டு, வைத்தியர் பார்த்த அதே ஒழுங்கில் பாருங்கள்: கழுத்து, உதடு, கன்னம், முரசு, நாக்கு, நாக்குக்குக் கீழ், அண்ணம். கைபேசி வெளிச்சம் நன்றாக உதவும். வயதானவர்களுக்குப் பேரப்பிள்ளை பிடித்துக் கொடுக்கலாம்.

தேட வேண்டியது: இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண், துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளையோ சிவப்போ, தடிப்பு, கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல், பிடுங்கிய பிறகு மூடாத குழி, உதட்டிலோ நாக்கிலோ விறைப்பு, விழுங்கும்போது சிக்குவது, காரணம் தெரியாத காதுக் குத்து.

பார்க்கத் தொடங்கிய முதல் மாதத்தில் சும்மா இருப்பதும் பயமுறுத்தும். நானும் பயந்தேன். பற்கள் சேரும் மட்டத்தில் கன்னத்தின் உள்ளே ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு இயல்பானது. உதட்டின் உட்பக்கம் ரவை மாதிரித் தெரியும் மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். நாக்கின் மேற்பக்கத்தில், தொண்டைக்குக் கிட்ட வரிசையாக இருக்கும் பெரிய மொட்டுகள் எல்லோருக்கும் உண்டு. மேலண்ணத்தின் நடுவே கல் மாதிரி ஒரு மேடு சிலருக்கு இருக்கும், அது எலும்பு. சந்தேகமாக இருந்தால் கைபேசியில் படமெடுத்துத் தேதியோடு வையுங்கள். இரண்டு கிழமை கழித்து இன்னொரு படம். இரண்டையும் வைத்தியரிடம் காட்டினால் அவருக்குப் பெரிய உதவி. ஆனால் படத்தை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்காதீர்கள். ஆளுக்கொரு பூச்சு மருந்து சொல்வார்கள், மாதம் போய்விடும்.

வெற்றிலையை விடுவது பற்றி

இது தனிக் கட்டுரைக்குரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். பாக்கும் புகையிலை மாதிரியே அடிமைப்படுத்தும் பொருள். அதனால், "உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று வயதானவர்களைக் குத்திப் பேசுவது பிழை. விட்ட முதல் கிழமை எரிச்சலும் தலையிடியும் இருக்கும். அம்மா முதலில் இரவு அடக்குவதை விட்டார், பிறகு புகையிலையை, கடைசியில்தான் பாக்கை. கை சும்மா இருக்க முடியாமல் ஏலக்காயும் கராம்பும் வைத்துக்கொண்டார். தட்டத்தை அலுமாரியில் ஏற்றியது அவர்தான், நாங்கள் இல்லை. வைத்தியரிடம் கேட்டால் விடுவதற்கு உதவியும் ஆலோசனையும் சொல்வார்கள்.

திகதியை மறக்காமல் இருக்க

மூன்று மாதக் காலம் முடிந்து, இப்போது அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆறு மாதக் கணக்கு யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அதனால் எங்கள் வீட்டில் இரண்டு நாட்களைப் பிடித்துக்கொண்டோம்: தைப்பொங்கல் முடிந்த அடுத்த கிழமையும், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமையும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஆறு மாதம் வரும். நாட்காட்டியில் பொங்கலைச் சுற்றி வட்டம் போடும்போதே பல் வைத்தியருக்கும் ஒரு வட்டம் போட்டுவிடுகிறோம். இந்த முறை பக்கத்து வீட்டு ஆச்சியும் வருகிறார், வெற்றிலையோடு நித்திரைக்குப் போகிறவர். அவருக்கும் ஒன்றும் நோகவில்லை. ஓட்டோவுக்கு ஏழு மணிக்கே சொல்லி வைத்திருக்கிறேன்.